முன்கூட்டிக் குரைத்த நாய்கள்

மாநகராட்சியின் நாய் பிடிக்கும் பிரிவு அலுவலர் ஒரு தெருவுக்குள் காலடி வைப்பதற்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் அந்தத் தெரு நாய்கள் குரைக்கத் தொடங்கும். அவர் வந்து சேர்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஆரம்பத்தில் எல்லா ஊரிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. தங்களைப் பிடிப்பவரை நாய்கள் மறப்பதில்லை. சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாலும், குளித்து சென்ட் பூசிக்கொண்டு போனாலும், பார்த்த மாத்திரத்தில் கத்தும். அவர் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், பார்ப்பதற்காகக் காத்திருப்பதை அவை நிறுத்திவிட்டன. முதலில் ஐந்து நிமிடம் முந்தின, பிறகு கால் மணி, அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மணி நேரத்தில் வந்து நிலைத்தன. ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. டீக்கடைக்காரர் குரைப்பைக் கேட்டதும் ஒரு கிளாஸைத் தனியாகக் கழுவி வைத்தார். உரிமம் எடுக்காமல் நாய் வளர்த்தவர்கள் அதைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். இவ்வளவு முன்னறிவிப்பு கிடைத்தும் தெரு நாய்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கால்வாசி ஓடத்தான் செய்தன. மீதி நின்று குரைத்து, குரைத்து முடித்துப் பிடிபட்டன. அதைத் தங்கள் உத்தியோகமாக எடுத்துக்கொண்டனவோ என்னவோ. ஆலைச் சங்கு மாதிரி சத்தம் முந்தி வருவதால் அவருக்குச் சங்கு என்று பெயர் விழுந்தது. மரியாதைக்குப் பின்னால் ஒரு சார் சேர்த்துக்கொண்டோம்.

ஊருக்கு வசதியாக இருந்தது, அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போயிற்று என்பது சாயங்காலம் தெரியும். அவருக்கு நாய்கள் காலையிலிருந்தே தவணை தவணையாகச் சொல்லின. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ரயில்வே கேட் பக்கம் குரைப்பு கேட்கும். அங்கே எனக்கு என்ன வேலை என்று நினைப்பார். வாய் கொப்பளிப்பதற்குள் போன் வரும், கேட் கீப்பரை நாய் துரத்துகிறது என்று. ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரி வாசலில் குரைக்கிறது என்று வண்டி டிரைவர் வந்து சொன்னபோது, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் வீராப்பாக உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவர் மனைவிக்கு வயிற்று வலி வந்தது, குடல்வால். வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சரியாக ஒரு மணி நேரம், நாய்கள் அடங்கின. நீங்கள் பேசாமல் முதலிலேயே கிளம்பியிருந்தால் எனக்கு வலியாவது மிச்சமாகியிருக்கும் என்று தையல் பிரித்த பிறகு அவள் சொன்னாள். அன்றிலிருந்து அவரால் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்கார முடியவில்லை. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், காது கொடுப்பார், திரும்பி வருவார். தரை தேயுது என்பாள் அவள்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியபோதுதான் செவலை விஷயம் நடந்தது. செவலை அவர் வீட்டு நாய்; மகள் கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தது. நாய் பிடிப்பவர் வீட்டில் நாயா என்று கேலி பேசாதவர்கள் கிடையாது. அந்த மாதம் ஊரில் வெறிநாய்க் கடியில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் விடியற்கால இருட்டில் தெரியாமல் வாலை மிதிக்க, செவலை அவர் கணுக்காலில் பல் பதித்துவிட்டது. கடித்த நாயைப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும், நோய் தெரிந்தால்தான் ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்பது சட்டம். அலுவலர் அதை ஒரு நாளும் மீறியதில்லை. குப்பைமேட்டு நாய்க்கும் பத்து நாள்தான், நீதிபதி வீட்டு நாய்க்கும் பத்து நாள்தான். ஆனால் தன் நாய் என்று வந்ததும் அவருக்கு நிதானம் தப்பிவிட்டது. ஊருக்கு ஒரு நியாயம் தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், அன்று சாயங்காலமே செவலையை வண்டியில் ஏற்றினார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். தையல்காரரே அடுத்த நாள் நொண்டிக்கொண்டு வந்து, பத்து நாள் பார்த்திருக்கலாமே சார் என்றார். பரிசோதனைத் தாள் மறு வாரம் வந்தது. நோய் இல்லை. அவர் அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் கத்தவில்லை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊர் நாய்க்கெல்லாம் பத்து நாள் குடுத்தீங்க. நம்ம செவலைக்கு ஒரு நாள்கூட இல்லையாப்பா?" அவர் சட்டம், பொதுமக்கள், பதவி என்று ஏதோ தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை. "இனிமே நான் இருக்கிற வீட்டு வாசலை நீங்க மிதிக்கக் கூடாது" என்றாள். மிதித்தால் கேள் என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே வார்ப்பு, மூக்கும் அப்படியே, முரடும் அப்படியே. நகரத்தின் மறுகோடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துக் கடைக்காரரையே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அழைப்பு அம்மாவுக்கு மட்டும்தான். ஆனால் அன்று காலை பதிவு அலுவலகத்து மாடியில் கையெழுத்துப் போடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டு, கீழே படுத்திருந்த மூன்று நாய்களை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். நாய்கள் சொறிந்துகொண்டன, புரண்டு படுத்தன, குரைக்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கும் ஐந்து வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கண்ணாடிக் கடையை ஒட்டிய அவள் வீட்டு வாசலில் எட்டு நாய்கள் வந்து நின்று குரைக்கத் தொடங்கின. அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டாள். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மேலும் குரைத்தன. நகரத்தின் இந்தக் கோடியில் டிரைவர் மூச்சிரைக்க வந்து அலுவலரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை யாருக்கும் வயிறு வலிக்கவில்லை, எந்தப் போனும் வரவில்லை. போவதும் போகாததும் முழுக்க அவர் கையில் விடப்பட்டிருந்தது. மனைவி அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். அவருக்கு அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. "நாய் கூப்பிட்டா நான் போகணுமா? அவ கூப்பிடட்டும்" என்றார். சட்டை ஆணியிலேயே தொங்கியது.

நாய்கள் அன்று நிறுத்தவில்லை, மறு நாளும் நிறுத்தவில்லை. தொண்டை கட்டியவை சுவரோரம் போய்ப் படுக்க, பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய்கள் வந்து இடத்தை எடுத்துக்கொண்டன. மூன்றாம் நாளிலிருந்து மில் வேலை மாதிரி ஷிப்ட் முறை வந்துவிட்டது. நாய்கள் தப்பாகச் சொல்கின்றன என்று நினைத்தவர்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. அந்தத் தெருக்காரர்கள் புகார் எழுதினார்கள், புகார்கள் வேறெங்கே போகும், அவர் மேசைக்குத்தான் வந்தன. அவர் டிரைவரையும் ஆட்களையும் அனுப்பினார். பதினொன்றைப் பிடித்து வந்தார்கள். மறுநாள் காலை அங்கே வேறு பதினொன்று நின்றது. பிடிபட்டவை கூண்டுக்குள் அந்தத் திசைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தன. நேரில் போய்ப் பார்க்கும்படி மேலதிகாரி குறிப்பு அனுப்பினார். இவர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார். வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தார், மொட்டை மாடிக்கு ஏறினார், இறங்கினார், உப்புப் பார்க்கிறேன் என்று வெறும் வெந்நீரை ருசி பார்த்தார். ஊரை விட்டே போய்விடலாம் என்று வெளியூரில் இருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டு, உங்கள் தெருவில் நாய் ஏதாவது குரைக்கிறதா என்று விசாரித்தார். ஒன்றும் குரைக்கவில்லையே என்றார் மைத்துனர். அப்படியென்றால் நான் அங்கே வந்து சேரப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

முப்பத்தெட்டாம் நாள் டிரைவர் ஒரு புகாரை வீட்டுக்கே கொண்டுவந்தார். அச்சடித்த படிவம், கட்டங்களெல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. கையெழுத்து, அவர் கைபிடித்து எழுதப் பழக்கிய மகளின் கையெழுத்து. புகாரின் விவரம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: "ஐயா, நாய்கள் மீது எனக்குப் புகார் இல்லை. ஒருவர் வருவார் என்று அவை முப்பத்தெட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர் வரவில்லை. என் புகார் அவர் மீதுதான். சம்பந்தப்பட்ட அலுவலர் நேரில் வந்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அவர் அதை நின்றுகொண்டு படித்தார், ஜன்னலுக்குப் போய்ப் படித்தார், டிரைவர் முன்னாலேயே வாய்விட்டு அழுதார். டிரைவர் சமயம் தெரிந்த மனிதர். "வண்டிய எடுக்கட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் இரண்டே கால் மணிக்கு வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்தது, குரைப்பு நின்றது. சத்தம் போனதில் திடுக்கிட்டுத் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள்; முப்பத்தெட்டு நாள் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன. மருமகன் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடியே கடையின் பின்பக்கம் போய்விட்டார். மகள் வாசலுக்கு உள்ளே நின்றாள், அவர் வாசலுக்கு வெளியே நின்றார். மிதிக்கக் கூடாது என்றால் மிதிக்கக் கூடாதுதான். படிவத்தை அட்டையில் செருகி, பேனாவைத் திறந்து, அலுவலக முறைப்படி ஆரம்பித்தார்.

"புகார் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"நாய் யாரையாவது கடிச்சுதா?"

"இல்ல."

அடுத்த கட்டம், புகார் யார் மீது என்பது. அவர் தன் பெயரையும் பதவியையும் முழுதாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். "பத்து நாள் குடுத்திருக்கணும்மா. சட்டம் அதத்தான் சொல்லுது. சொந்த நாய்னு காப்பாத்திட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்துட்டேன். மத்தவங்களுக்காகச் சட்டத்த ஒரு நாளும் மீறல. செவலைய கொல்றதுக்குத்தான் மீறினேன்."

மகள் அழுதாள். ஏழு வருடமாகத் தேக்கி வைத்திருந்ததால் நிறுத்த முடியவில்லை. "இது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உள்ள வாங்கன்னு சொல்ல இப்ப எனக்கு வாய் வரல. சொன்னா பொய்யாயிடும். வீட்டுக்குப் போங்க." படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் சரிம்மா என்று வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

அதன்பின் மூன்று வாரம் நகரம் பழையபடி நடந்தது. நாய்கள் ஒரு மணி நேரம் முந்திக் குரைத்தன, அவர் போனார், பிடித்தார், வந்தார். மகள் வீட்டுப் பக்கம் எந்த நாயும் வாய் திறக்கவில்லை. இனி அங்கே போகப் போவதில்லை என்று அவருக்கு அதிலேயே தெரிந்துபோய், சாப்பாடு பாதியில் நின்றது. நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, அவர் ஹாலில் நடந்துகொண்டிருக்கும்போது, அவர் வீட்டு வாசலிலேயே நாய்கள் குரைக்கத் தொடங்கின. மனைவி கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க இங்கதானே இருக்கீங்க?" என்றாள். இங்கேதான் இருக்கிறேன் என்றார் அவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மகளுக்காக அதுவரை எந்த நாயும் குரைத்தது கிடையாது. அப்பனுக்குக் குரைக்கிறவை பிள்ளைக்குக் குரைக்காதா என்று அவள் கரண்டியை வைத்துவிட்டு மகளுடைய அறையைப் பெருக்கப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் யாரும் வரவில்லை. அவர் அதற்கு அலட்டிக்கொள்ளவும் இல்லை; தான் எடுத்துக்கொண்ட நாள் எவ்வளவு என்று அவருக்கு நினைவிருந்தது. அலுவலகம் போய்வந்த நேரம் போக வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார், முதுகைச் சாய்த்து, முழுதாக. தொண்டை கட்டிய நாய்களுக்குச் சட்டியில் தண்ணீர் வைத்தார். ஒன்பதாம் நாள் தையல்காரர், தூக்கம் போயிற்று என்று முறைப்படி புகார் எழுதிக் கொடுத்தார். அலுவலர் நேரில் விசாரித்து, பதிவேட்டில் இப்படி எழுதினார்: நாய்கள் குரைப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது, நடவடிக்கை தேவையில்லை. தையல்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, யார் வர்றாங்க சார் என்று கேட்டார். யார் என்று சொன்னதும், அப்படியா, அப்படியென்றால் குரைக்கட்டும் என்று வீட்டுக்குப் போனார்.

பதினேழாம் நாள் மத்தியானம், அவர் சாப்பிட உள்ளே வந்து இலேசாகக் கண்ணயர்ந்த நேரத்தில், குரைப்பு நின்றது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவது கேட்டது. அவர் எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு கால் கிடைத்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. அதற்குள் அவர் மனைவி வெறுங்காலோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.