விட்டாச்சு

அவள் பால்கனிக் கதவைத் திறந்ததும் சின்னவர் சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தலை நரைத்தவர், பேரன் எடுத்தவர். அண்ணியான அவளைக் கண்டால் இன்னும் சிகரெட்டை மறைப்பார். புகை என்னவோ அவர் தோளுக்கு மேலே தன்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. வாயை மூடி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, இருமினார். இடது கை தானாக அடிவயிற்றை அழுத்திப் பிடித்தது.

முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடக்கும் அவள் கணவரும் இப்படித்தான் பிடித்துக்கொள்வார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். பீரோவும் ஃபிரிட்ஜும் மாடி ஏற்றியே இருவருக்கும் குடலிறக்கம் வந்தது. முதலில் பெரியவர் போய்ப் படுத்தார். சின்ன ஆபரேஷன்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து, சிகரெட்டெல்லாம் விட்டாச்சா என்று கேட்டார். விட்டாச்சு என்றார் பெரியவர். டாக்டர் தலை மறைந்ததும், "இப்பதான் கீழ நின்னு விட்டேன், புகையை" என்று கண்ணடித்தார். சின்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கேலி நன்றாகத்தான் இருந்தது.

ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இருமல்தான் விடவில்லை. இருமி இருமித் தையல் பிரிந்தது, புண் ஆறாமல் சீழ் வைத்தது, நெஞ்சில் சளி கட்டிக் கடைசியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சிகரெட்டை விடவில்லை என்று தெரிந்திருந்தால் தள்ளிப்போட்டிருப்போமே என்று டாக்டர் வருத்தப்பட்டார். ஒரு மாதம் நிறுத்திவிட்டு வந்தாலே நுரையீரல் எவ்வளவோ தேறும், புண்ணும் ஆறும் என்றார். அவளுக்குச் செத்தவர்மேலேயே கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"உங்க ஆபரேஷன் அடுத்த வாரம்தானே, தம்பி? விட்டாச்சான்னு உங்ககிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, அண்ணி."

"என்ன சொன்னீங்க?"

சின்னவர் சுவரைப் பார்த்தார். பின்னால் இருந்த கை சுட்டிருக்க வேண்டும். சிகரெட் துண்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"உங்க அண்ணன் சொன்னதையேதான் சொல்லியிருப்பீங்க," என்றாள் அவள். "இன்னொரு தடவ அழ எனக்குத் தெம்பு இல்ல. ஃபோனை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. என் எதிர்லயே உண்மையைச் சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார், ஏதேதோ சுற்றி வளைத்தார், ஒருவழியாகச் சொல்லிவிட்டார். மறுமுனையில் யாரும் திட்டவில்லை. தேதியைத் தள்ளிவைத்தார்கள். இன்றிலிருந்து ஒன்றுகூடக் கூடாது, கஷ்டமாக இருந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது, நாளைக்கே வாருங்கள் என்றார்கள். கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

"இன்னும் ஒரு மாசம் இந்த வலியோடயே இருக்கணுமாம்," என்றார் சின்னவர், அடிபட்ட முகத்தோடு.

"இருங்க தம்பி. நீங்க இருந்தாப் போதும்."

உள்ளே அவர்களோடு சாமான் தூக்கும் கம்பெனி ஆட்கள் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஓர் இடத்தை மட்டும் சின்னவருக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். எந்த வீட்டில் எதை இறக்கினாலும் பெரியவர் முன்னால், சின்னவர் பின்னால். சின்னவர் பழக்கத்தில் போய்க் குனிந்து கைப்பிடியைப் பற்றினார். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

சின்னவர் நிமிர்ந்து லாரி டிரைவரைக் கூப்பிட்டார். "நீ பிடி. திருப்பத்துல சுவத்துல இடிச்சுடாதே, அண்ணனுக்குப் பிடிக்காது," என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து அழுதுவிட்டார்.

பெட்டியைத் தூக்கினார்கள். சின்னவருக்குத் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்று சட்டைப் பைவரை போய்த் திரும்பி வந்தது. அவள் தன் கைப்பையை அவரிடம் நீட்டினாள். அதை இரண்டு கைகளாலும் வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று சொல்லியபடி அவர்களுக்கு முன்னால் இறங்கிப் போனார்.