அலங்கார வளைவும் சிவப்பு எண்ணும்

வெளிக்காற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு எவ்வளவு என்று மணிக்கொரு முறை தானே உறிஞ்சி, தானே அளந்து, வாசல் பலகையில் எண்ணையும் தானே காட்டும் எந்திரம் அது. அன்று பத்து மணிக்கு அதற்குத் திறப்பு விழா. எட்டு மணிக்கே பலகை சிவப்பாக எரிந்தது. வரம்பைப்போல் மூன்று மடங்கு.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பழைய பதிவுகளைப் புரட்டினாள். சோதனை ஓட்டம் நடந்த மூன்று மாதமும் பச்சையைத் தாண்டாத எண். எந்திரம் சரி என்று மேலதிகாரி இன்று கையெழுத்திட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

அளவு தெரிந்த வாயுவை இரண்டு முறை செலுத்திப் பார்த்தாள். எந்திரம் பிசகவில்லை. ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினாள். காற்றை உறிஞ்சும் குழாய்க்கு ஒரு முழம் கீழே, நேற்றுதான் நிறுத்திய பிளைவுட் வளைவு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் மேலதிகாரியின் பெயர் ஆள் உயரத்துக்கு. சிறப்பு விருந்தினர் பெயர் தபால் தலை அளவுக்கு. அவளுக்கு மூக்கு எரிந்தது.

இறங்கி வந்து மேலதிகாரியிடம் சொன்னாள். "புதுப் பிளைவுட் பசை இதைத்தான் சார் கக்கும். வளைவைத் தள்ளி வெச்சாப் போதும்."

முதுகுக்குப் பின்னால் 'முரசு' என்று அழைக்கப்படும் மேலதிகாரி புன்னகைத்தார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எந்திரம் கோளாறுன்னு எழுதி அணைச்சிடும்மா."

"அப்படி எழுதினா மூணு மாச எண்ணும் குப்பை சார். கூடவே நானும்."

"அதுக்காக என் பேர் போட்ட வளைவைப் பிரிக்கவா?"

"பேரை விட்டுட்டுப் பிளைவுட்டை மட்டும் எடுத்துடலாம் சார்" என்றார் அவருடைய ஓட்டுநர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவள் அணைக்கவில்லை. விருந்தினர் அம்மையார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வளைவின் கீழ் உட்கார்ந்தார். இரண்டு முறை கண்ணைத் துடைத்தார்.

"அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார் முரசு.

"கண்ணு எரியுதுய்யா. அந்தச் சிவப்பு என்ன?"

முரசு தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள். "எந்திரம் சரியாத்தான் சொல்லுதும்மா. நம்ம வளைவைத்தான் சொல்லுது."

அம்மையார் சிரித்துவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். அதற்குள் ஓட்டுநர் நாலு பேரைக் கூட்டி வந்துவிட்டார். வளைவு கட்டடத்தின் பின்சுவரோரம் போய்ப் படுத்தது.

பதினொரு மணிக்குப் பலகை பச்சை. முரசு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நான் நேரடியாகத் தலையிட்டதும் மாசு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது!" கைதட்டல் எழுந்தது.

"அப்போ முன்னாடி காட்டின சிவப்பும் சரிதானா?" என்று கேட்டார் அம்மையார்.

முரசு கைதட்டலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு தப்பு என்றால் குறைந்தது எது? "நூத்துக்கு நூறு சரிம்மா."

அந்த நொடியில் அவள் எந்திரம் சரி என்ற சான்றுத்தாளையும் பேனாவையும் நீட்டினாள். ஒரு கையில் ஒலிபெருக்கியோடு முரசு கையெழுத்திட்டார். பிறகு மெல்லக் குனிந்து, "எந்த எண்ணும் தப்பில்லைன்னு எழுதியிருக்கேல்ல? குறிப்பா அந்த எட்டு மணி எண்" என்றார்.

"முதல் வரியே அதுதான் சார்."