உபைதின் ஜகாத் கணக்கு

என் வீட்டுக்காரர் உபைத் குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்த தாளின்படி, அவர் மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் சம்பளக்காரர். முதலாளி யாரென்றால் அவருடைய அண்ணன் மகன் சபீர். போன வருடம்வரை பைக்குக்குப் பெட்ரோல் போட என்னிடம் கைநீட்டியவன். கோட்டாற்றில் பதினேழு வருடமாக நாங்கள் நடத்திய கிராம்பு, நல்லமிளகு மொத்தக் கடை, பிரிவதென்று முடிவான மறுமாதமே அவன் பெயருக்கு மாறிவிட்டது. தொழில் நொடித்துவிட்டது, இருந்ததையெல்லாம் அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று உபைத் எழுதிக் கொடுத்திருந்தார். வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது, அது போக நாளாயிற்று.

நாங்கள் பிரிந்ததற்கு ஊரார் எதிர்பார்த்த அளவுக்கு ருசியான காரணம் ஒன்றும் கிடையாது. அடிதடி இல்லை, இன்னொருத்தி இல்லை. மகள் நிஸ்ரினைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரே வீட்டில் தனித்தனியாக வாடகைக்கு இருப்பவர்களைப் போல ஆகிப்போனோம். நாற்பத்துநாலு வயதில் இடலாக்குடியில் சின்னதாக ஒரு வீடு பார்த்து வந்தேன். வந்த அன்றே நன்றாகத் தூங்கினேன். அதை வெளியே சொன்னதுதான் நிறைய பேருக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு வேண்டியது என் நகை மட்டும்தான். கடை தொடங்கும்போது, வாப்பா எனக்குப் போட்ட முப்பத்தைந்து பவனை விற்றுத்தான் முதல் போட்டோம். அந்த எடை திரும்பி வந்தால் நானே சின்னதாக ஒரு கிராம்புக் கடை போட்டுவிடுவேன். கையில் அள்ளி மோந்து பார்த்தால் போதும், ஈரம் எவ்வளவு, எந்த மலையில் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். வராமல் போனால் மருமகன் வீட்டு மாடியறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர் நல்ல பையன், மறுக்கமாட்டார். அதனாலேயே அங்கே போக எனக்கு மனமில்லை.

என் வக்கீல் ஜெபகுமாரி தன்னால் ஆனதையெல்லாம் பார்த்தாள். பழைய வங்கிக் கணக்கு துடைத்து வைத்த தட்டாக இருந்தது. ஜிஎஸ்டி, கடை வாடகை ஒப்பந்தம், குடோன், எல்லாவற்றிலும் சபீர் பெயர். உபைதின் அண்ணன் ரஹீம் காக்காவின் வேலை அது. இவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காக்கா சொன்னால் தலையாட்டுவது சின்ன வயசிலிருந்தே இவருக்குப் பழக்கம்.

இந்த நிலையில்தான் ரமலான் நோம்பு வந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு நோம்புக்கும் இருபதாம் பிறையன்று அவரும் நானும், ஏழைகளுக்குச் சேரவேண்டிய ஜகாத்துக்குக் கணக்கு போட உட்காருவோம். அன்றைய விலைக்குச் சரக்கு, கையிருப்பு, வெளியே நிற்கும் பணம், எல்லாவற்றையும் கூட்டி, நாம் பிறருக்குத் தரவேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு. வரி அதிகாரியிடம் முன்னே பின்னே சொல்லுகிற மனிதர், இந்தக் கணக்கில் மட்டும் மூன்று தடவை சரிபார்ப்பார். ஒரு ரூபாய் குறைந்தாலும் மண்ணறையில் யார் பதில் சொல்வது என்பார். அதைப் பத்துப் பத்தாகச் சிதறவிடாமல் வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுத்து நிமிர்த்திவிடலாம் என்றது என் யோசனை. கடன் பத்திக்கு வரும்போதெல்லாம் உன் பவனை எழுதட்டுமா என்று கேட்பார். நமக்குள்ளே என்ன கடன், விடுங்க என்பேன். பேனா அடுத்த வரிக்குப் போய்விடும்.

இருபத்தைந்தாம் நோம்பன்று, நோம்பு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அஃப்ஸானா வந்தாள். மூன்று தெரு தள்ளி இடியாப்பம் அவித்து விற்பவள். புருஷன் இறந்து நாலு வருடம். அடுத்த வருடம் உனக்குத்தான் என்று போன நோம்பில் உபைதை வைத்துக்கொண்டே நான் அவளிடம் சொல்லியிருந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற இப்போது என்னிடம் என்ன இருக்கிறதென்று அவள் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருந்தேன். அவளோ தட்டு நிறைய கடல்பாசி இனிப்போடு சிரித்துக்கொண்டு நின்றாள். வீட்டு ஒற்றிக்குப் பணம் கட்டியாயிற்றாம், இனி மாச வாடகை கிடையாதாம்.

"லாத்தா, நீங்க சொன்ன சொல்ல ஒங்க வீட்டுக்காரவ்வொ மறக்கல்ல. ஒரு லெச்சத்து எம்பத்தாறாயிரத்து இருநூத்தம்பது. அந்த இருநூத்தம்பதையும் தனியா எண்ணி வச்சாவ."

பள்ளிவாசலில் வாங்கு சொல்லி, கடல்பாசியை வாயில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தர்மம் செய்கிறவன் ஒரு லட்சம் கொடுப்பான், இரண்டு லட்சம் கொடுப்பான். இருநூற்றைம்பது என்று வால் வைத்துக் கொடுப்பது ஜகாத் மட்டும்தான். மனசுக்குள் நாற்பதால் பெருக்கினேன். எழுபத்துநாலு லட்சத்து ஐம்பதாயிரம். பதினெட்டாயிரம் சம்பளக்காரரின் சொத்து. எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. தன் சந்தோஷத்தில் நானும் சேர்ந்துகொண்டேன் என்று அஃப்ஸானா நினைத்தாள். அதுவும் உண்மைதான்.

மறுநாள் ஜெபகுமாரியிடம் விவரம் சொன்னேன். அவள் கிறிஸ்தவப் பெண், நாற்பதில் ஒன்று என்ற கணக்கு புரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாங்கினவளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றாள். நான் பெயரைச் சொல்லவில்லை. நோம்பில் வாங்கியதைக் கோர்ட்டில் நின்று சொல்லவைத்தால், அந்த ஒற்றி வீட்டில் அவள் எப்படி நிம்மதியாகப் படுப்பாள்? அவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று ஜெபகுமாரி கேட்டாள். ஜகாத்தில் பொய் சொல்லமாட்டார் என்று தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

பெருநாள் கழிந்து பத்தாம் நாள், நீதிமன்றச் சமரச மையத்தில் உட்கார வைத்தார்கள். சமரசம் பேசுகிறவர் நாராயணபெருமாள் என்ற மூத்த வக்கீல். கணவன், மனைவி, அவரவர் வக்கீல், வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்றுவிட்டார். ரஹீம் காக்கா வராந்தாவில் நின்றுபோனார். அதுவே எனக்குப் பாதித் தெம்பு.

உபைதின் வக்கீல் பதினெட்டாயிரத்தை இரண்டாம் தடவை வாசித்து முடித்ததும், இவரிடம் ஒன்று கேட்கலாமா என்று நாராயணபெருமாளிடம் கேட்டேன். கேளுங்கள் என்றார்.

"இந்த நோம்புல ஜகாத் கொடுத்தியளா?"

உபைத் தலையைத் தூக்கிப் பார்த்தார். "கொடுத்தேன்."

"கணக்கு சரியாப் போட்டியளா?"

"சரியாத்தான் போட்டேன்."

அவருடைய வக்கீலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாராயணபெருமாள் கேட்க, ஜகாத் யார்மேல் கடமை, எந்தக் கணக்கில் கொடுப்பது என்பதை ஜெபகுமாரி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பதினெட்டாயிரம் சம்பளத்தில் மிச்சம் ஒன்றும் இல்லாதவர்மேல் அது கடமையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதுதான் அடுத்து நான் கேட்க வேண்டியது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அப்படித்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். மேசைமேல் இருந்த அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கிராம்புக் கறை. அந்தக் கை கடன் பத்தியில் வந்து நிற்கும் நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது. கேள்வி மாறிப்போயிற்று.

"கடன் பத்தியில எனக்க பவன எழுதுனியளா?"

பதில் சொல்லவேண்டாம் என்று அவருடைய வக்கீல் குறுக்கே கை நீட்டினார். உபைத் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"எழுதுனேன். முப்பத்தஞ்சு பவன். அன்னைய வெலயப் போட்டு, அதக் கழிச்சிட்டுத்தான் மிச்சத்துக்குக் கொடுத்தேன்."

பதினேழு வருடம் நான் வேண்டாமென்று தள்ளிய வரி அது. பக்கத்தில் நான் இல்லாத முதல் வருடம், யாரும் பார்க்காத ஒரு தாளில், கேட்காமலே எழுதியிருக்கிறார். கோர்ட்டுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த அதே கை. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது, அவர்மேல் பழைய பிரியம்கூட ஒரு நிமிடம் எட்டிப்பார்த்தது. எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

"அல்லாட்ட எழுதுன கடன இங்க எழுதுறதுக்கு என்னவாம்?" என்றேன்.

அவர் தாளை ஜெபகுமாரி பக்கம் தள்ளி, எழுதுங்கள் என்றார். பவனாகவே இரண்டு தவணை, முதல் தவணை ஹஜ்ஜுப் பெருநாளைக்குள். நாராயணபெருமாள் சொல்லச் சொல்ல ஜெபகுமாரி எழுதினாள், உபைத் கையெழுத்துப் போட்டார். மிச்சச் சொத்தையும் விடக்கூடாது என்று அவள் என் காதில் சொன்னாள். என் எடை எனக்குப் போதும் என்றுவிட்டேன். வக்கீலுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வெளியே ரஹீம் காக்கா என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். உபைத் நிற்கவில்லை. படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் கொடுத்தது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அஃப்ஸானா தன் ஒற்றி வீட்டு வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது.

"நீங்க கொடுக்காம இருப்பியளா?" என்றேன்.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு ஆட்டோ பிடித்துக் கோட்டாற்றுக்கு, வாடகைக்கு வருகிற கடையறையைப் பார்க்கப் போனேன்.