பிரேமா சலித்த காராமணி

என் மகள் சுதா வண்டு வளர்க்கிறாள். அதற்குத்தான் முனைவர் பட்டமாம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்தபோதும் துணி ஒரு பையில், வண்டுகள் இரண்டு டப்பாவில்.

இரண்டிலும் காராமணி. அதற்குள் பெரிய வண்டு, சின்ன வண்டு என்று இரண்டு இனம். முதல் டப்பாவில் சமீபத்தில்தான் ஒன்றாக விட்டாள். பெரியது அதற்குள் சின்னதிடம் தோற்று அழிந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் அவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வாழ்கின்றன. அங்கே மட்டும் பெரியது ஏன் அழியவில்லை? திங்கட்கிழமைக்குள் பதில் சொல், இல்லாவிட்டால் ஆய்வையே மாற்று என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

என் மனைவி பிரேமாவுக்கு வேறு கவலை. பள்ளிப்பட்டிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் காவடியோடு வருகிறது, சுண்டல் வேண்டும். சுதா குளிக்கப் போன நேரம் இரண்டாவது டப்பா கண்ணில் பட்டது. வண்டு பிடித்த பயறைக் கண்டால் இந்த ஊர்ப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மாடி வெயிலில் கொட்டி, வேப்பிலை போட்டு, வண்டெல்லாம் பறந்ததும் பெரிய பயறாகப் பொறுக்கச் சல்லடையில் சலித்துவிட்டாள்.

"அம்மா! இன்னாம்மா பண்ணி வச்சிருக்கே!"

"வண்டு பூந்த பயிறை வச்சிகினு இருக்கியே, மாமா பார்த்தா இன்னா நினைப்பாரு?"

சுதா தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதாள். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இவர்கள் சண்டையில் நுழைந்து நான் முழுசாக வெளியே வந்ததில்லை.

அழுகை சட்டென்று நின்றது.

"நைனா, இங்க வாங்களேன். சல்லடை மேல இருக்கிற பெரிய பயிறுல எல்லாம் பெரிய ஓட்டை. கீழ விழுந்த சின்னதுல எல்லாம் சின்ன ஓட்டை."

"அதுக்கு இன்னா?"

"உள்ள வளர்ந்த வண்டு வெளிய வர்ற ஓட்டை அது. பெரிய வண்டு பெரிய பயிறுல மட்டும் முட்டை வைக்குது. சின்னது சின்னதுல. பங்கு பிரிச்சிகினு வாழுதுங்க, நைனா!"

ஓடிப்போய் முதல் டப்பாவையும் கொண்டுவந்து சலித்தாள். அதில் ஓட்டைகள் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. இரண்டாவது டப்பாவில், எல்லாப் பயறிலும் போட்டிக்கு நின்ற பெரிய வண்டுகளின் வம்சம் நிற்கவில்லை. பெரிய பயறோடு ஒதுங்கியவற்றின் வம்சம்தான் தழைத்தது. சில தலைமுறைகளில் இனத்தின் குணமே மாறிவிட்டது.

"வண்டுங்கதான் பறந்துபோச்சே?" என்றேன்.

"பயிறுக்குள்ள புழு இருக்கு நைனா, இன்னும் பொறக்கும்." பேராசிரியருக்குப் போன் போட்டவள் குரலில் அத்தனை சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலை என்று முடிவானது.

"என் சல்லடை எங்கடி?" என்றாள் பிரேமா.

"அது இனிமே என்னுதும்மா."

அடுத்த சண்டை என்று பேப்பரைத் தேடினேன். ஆனால் பிரேமா என் பக்கம் திரும்பினாள்.

"கடைக்குப் போயி இன்னொண்ணு வாங்கினு வாங்க. ஆளுக்கொண்ணு இருக்கட்டும்."