கண்ணாடிக்குள் நின்ற தறி

சங்கரன்கோவிலில் சண்முகையா முதலாளி புது ஜவுளிக்கடை திறந்தபோது பூமாரியையும் கூப்பிட்டிருந்தார். அவருடைய முதல் விசைத்தறியை இருபது வருடமாக ஓட்டியவள் அவள். போன ஆடியில் தானியங்கித் தறிகள் வந்து இறங்கியதும், கண் மங்கிவிட்டது என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய தறி அவள் கண்ணில் பட்டது. இரும்புக்கடைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். பச்சைப் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தியிருந்தார்கள். மேலே விளக்கு வேறு. தன்னை ஆளாக்கியது இதுதான் என்று முதலாளி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூமாரிக்கு வயிறு எரிந்தது. நூல் அறுந்து நின்றபோதெல்லாம் முடிச்சுப் போட்டு அதை ஓட வைத்தது அவள் கை. அதன் சத்தத்தில்தான் அவளுக்கு ஒரு காது மந்தமானது. மாலை மட்டும் இரும்புக்கு விழுந்திருந்தது.

சாப்பிடாமல் கிளம்பியவளை முதலாளி மறித்துக் காரணம் கேட்டார். அவளால் அடக்க முடியவில்லை.

"அதுவும் ஓடல, நானும் ஓடல. அதுக்கு மட்டும் எடம் இருக்கோ அண்ணாச்சி?"

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நாளையிலிருந்து கடையைக் கூட்டித் துடைக்க வரச் சொன்னார். வேறு வழியில்லாமல் வந்தாள். தினமும் கூண்டைத் திறந்து தறியைத் துடைக்கையில் நெஞ்சு காந்தியது. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர்கள், அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தறியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரத்தில், ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாக் கட்டையை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இல்லாவிட்டால் தறி வெறும் சட்டம்தான். முதலாளி பதறுவதைப் பார்க்க ஆசையாகக் காத்திருந்தாள். தீபாவளி வியாபாரமும் முடிந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவளே போய், தறியில் நாடாவைக் காணோம் என்றாள்.

முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது என்ன ஓடவா போவுது? கெடக்கட்டும், பூமாரி."

அவள் கூண்டுக்குத் திரும்பி வந்து நின்றாள். அவ்வளவு நாள் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. துடைக்கும் துணியை மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியேறினாள். அடுத்த வாரமே நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் மடித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளைவிட வேகமாக மடித்தாள். பூமாரிக்கு அதுவும் பொறுக்கவில்லை. கையை வேகமாக ஓட்டினாள்.