எல்லாக் குடிக்கும் ஒன்றாம் இலக்கம்

கோயில் அறங்காவலரான கனகசிங்கம் வண்ணக்கருக்குக் காலையிலிருந்தே மனம் ஒரு நிலையில் இல்லை. கோயிலின் பழைய இணையப் பக்கங்களைப் புதிய தளத்துக்கு மாற்ற நிர்வாகம் பிடித்திருக்கும் விதுர்ஷா, செட்டிபாளையத்துச் சீதேவிப்பிள்ளையின் மகள். குடி தாய்வழியில் வருவது; தாய் கண்டப்போடி குடி என்றால் மகளும் கண்டப்போடி குடிதான். போயும் போயும் அந்தக் குடிப் பெண்ணின் கையிலா, எந்தக் குடிக்கு எந்த நாள் என்று சொல்லும் திருவிழா வரிசைப் பட்டியல்?

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கொரோனாவில் திருவிழா நின்றுபோன இடைவெளியில், பழைய தளத்தைச் செய்த உதயரூபனைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாவதாக இருந்த தன் வேலாண்டி குடியை முதலாம் நாளுக்கு ஏற்றியவர் அவரேதான். கண்டப்போடிக்காரர் சண்டைக்கு வந்தபோது, "இணையத்தில இரிக்கிறது பொய்யா?" என்று கேட்டு வாயை அடைத்தார். வரிசை எழுதியிருந்த பழைய கொப்பி வெள்ளத்தில் போயிற்று. உதயரூபன் கட்டாருக்குப் போய்விட்டான்.

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு புள்ள," என்றார் அவளிடம். "ஒரு எழுத்தும் கூட்டவும் ஒண்ணா, குறைக்கவும் ஒண்ணா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அம்மனுக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டு வந்து கணினிக்கு முன் உட்கார்ந்தாள். வண்ணக்கர் கதிரையை இழுத்து அவள் தோளோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

பக்கத்தை அவள் எழுத்துத் திருத்தியில் திறந்ததும் திரை முழுக்கக் கோணல் அடைப்புக்குறிகள்.

"இதென்ன புள்ள, கண்ட கண்ட குறியெல்லாம்?"

"இதெல்லாம் பக்கத்துக்குப் போட்ட உடுப்பு மாமா. இது எழுத்தைத் தடிப்பாக்கும், இது பட்டியலாக்கும். புதுத் தளத்துக்கு இந்த உடுப்பு வேணாம். தடிப்புக்கு ரெண்டு நட்சத்திரம், பட்டியலுக்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான்."

உடுப்பைக் கழற்றுகிற சாட்டில் உள்ளே இருப்பதையும் கழற்றிவிட்டால்? வண்ணக்கர் கண்ணிமைக்காமல் பார்த்தார். அவள் ஏதோ ஒரு விசையைத் தட்டினாள். பட்டியலின் குறிகள் மளமளவென்று மறைந்தன. ஆறு குடிகள் நின்றன. ஆறுக்கும் முன்னால் ஒன்று, ஒன்று, ஒன்று.

"அடியே! எல்லாரையும் ஒண்டாக்கிப் போட்டியே! உன்ர குடியை மேல ஏத்த இதுவா வழி?"

"பதறாதீங்க மாமா, இது இப்பிடித்தான் எழுதுற. மறுகா பக்கமாத் திறந்தா ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு தானா வரும். எது மேல இரிக்கோ அதுக்குத்தான் முதலாம் நாள்."

அவர் திரையில் விரலை வைத்துப் பார்த்தார். வேலாண்டி குடி மேலேதான் இருந்தது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தார். ஆனால் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? பட்டியலின் அடியில் ஒரு வரி மட்டும் அடைப்புக்குறியோடு அப்படியே கிடந்தது கண்ணில் பட்டது.

"இது மட்டும் ஏன் மாறாமக் கிடக்கு? என்ன ஒளிச்சு வைக்கப் பாக்கிறாய்? வாசி!"

"நான் ஒளிக்கல்ல மாமா. இது குறிப்பு. பழைய பக்கத்தில ஆருக்கும் தெரியாது, செய்தவர் தன்ர ஞாபகத்துக்கு எழுதி வச்சிரிக்கார்." அவள் வாசிக்கத் தொடங்கினாள். "வண்ணக்கர் சொன்னபடி மாத்தினது. முந்தின வரிசை, ஒண்டு கண்டப்போடி குடி..." அவள் குரல் தேய்ந்தது. "ரெண்டு வேலாண்டி குடி. உதயரூபன்."

வண்ணக்கர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தானே விரலை நீட்டித் தானே மாட்டிக்கொண்டதை நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

"ஆருக்கும் தெரியாத குறிப்புத்தானே மகள்," என்றார். "அழிச்சு விடு."

"புதுத் தளத்தில தெரியும் மாமா. அது இந்தக் குறியையும் எழுத்தெண்டுதான் காட்டும்."

"அதுக்குத்தான் சொல்றன், அழி புள்ள!"

விதுர்ஷா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தாள். உள்ளங்கையில் கற்பூரக் கரி இன்னும் கறுப்பாக இருந்தது.

"நீங்கதானே மாமா சொன்னீங்க," என்றாள். "ஒரு எழுத்தும் குறைக்க ஒண்ணா."