சித்தூரில் ஊற்றிய தண்ணீர்

1960ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தொடங்கி, சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் தாட்சாயணி தன் பாம்புச்செடிக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் திருத்தணியில் அவள் மகள் சுந்தரியின் வீட்டுத் தரையில் வழிந்தது. அந்த மாதம்தான் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். சுந்தரியின் புருஷன் நாகேந்திரன் சர்க்கார் குமாஸ்தா. ஆந்திராவா மெட்ராஸா என்று கேட்ட காகிதத்தில் மெட்ராஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான், திருத்தணிக்கு மாற்றல் வந்தது. ஒரே பெண் கண்ணெதிரே இருக்கட்டும் என்று கிடந்தவள் தாட்சாயணி. கோபம் வந்தால் அவள் வாய் அவள் பேச்சைக் கேட்காது. "போறதுன்னா ஒரேடியா போயிடு" என்று சொல்லிவிட்டாள். சுந்தரி உள்ளறை மூலையிலிருந்த பாம்புச்செடித் தொட்டியிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மண்ணில் விழுந்த குழியைத் தாட்சாயணி மறுநாள்தான் பார்த்தாள்.

பாம்புச்செடி வெயில் கேட்காது, எரு கேட்காது. மாதம் ஒரு சொம்பு தண்ணீர் போதும், கூட ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஊருக்கே தெரிந்த சங்கதி, தாட்சாயணிக்கு மட்டும் கை நிற்காது. மகள் போதும் என்று இலையை மறைத்தால் விரல்மேலேயே சோற்றைப் போடுகிறவள் அவள். மகள் போனபின் காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றினாள். தொட்டி மண்ணோ புழுதியாகவே கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்வந்த பக்கத்து வீட்டுச் சந்திரம்மாதான் சேதி கொண்டுவந்தாள். கன்று வைத்த தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்குகிறது, பாயெல்லாம் பூஞ்சை, வீடே அழுகல் நாற்றம், சுந்தரியின் கால்விரல்கள் ஊறி வெளுத்துவிட்டன. "எங்கம்மா தெனம் ரெண்டு வேளை ஊத்திக்கினே கீது. எனக்கு மூச்சு முட்டுதுக்கா. ஊத்த வேணாம்னு சொல்லு" என்றாளாம், துணியைப் பிழிந்துகொண்டே.

தாட்சாயணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எஞ்செடிக்கு நான் ஊத்தறேன், அவளுக்கு இன்னா வந்துச்சு?" என்று அன்றைக்கு ஒரு குடத்தையே கவிழ்த்தாள். அப்புறம் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் சொம்பைப் பரண்மேல் போட்டாள். கை பரபரத்தபோதெல்லாம் ஈரத்துணியால் இலையைத் துடைத்ததோடு சரி. ஐம்பதாவது நாள் தொட்டி மண் தானாக நனைந்தது. சரியாக ஒரு சொம்பு அளவு. லேசாக மஞ்சள் வாசனை. சுந்தரி மஞ்சள் பூசிய கையோடு தண்ணீர் மொள்ளுகிறவள். மகள் மன்னித்துவிட்டாள் என்று தாட்சாயணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன்பின் மாதாமாதம், அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமை தவறவில்லை. இருவரும் கடிதம் போட்டுக்கொள்ளவில்லை. இதற்குமேல் எழுதினால் மறுபடி சண்டைதான் வரும் என்று தாட்சாயணி பயந்தாள். சந்திரம்மா வேலூருக்குக் குடிபோனாள், தெருவுக்குக் கரண்ட் வந்தது, அரிசி விலை ஏறியது. ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அறுபத்தாறில், அமாவாசை கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை நாகேந்திரன் தனியாக வந்து நின்றான். பழைய சர்வீஸ் ரிக்கார்டில் ஏதோ திருத்த வேண்டியிருந்ததாம். "சுந்தரி நல்லாகீறாளா மாப்ள?" என்று கேட்டாள் தாட்சாயணி. அறுபத்திரண்டு தை மாதமே பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை என்றான். "தகவல் சொல்ல எனக்கு மனசு வரல அத்தை." அவள் வைத்திருந்த செடியை அந்த வாரமே குப்பைமேட்டில் வீசிவிட்டதாகவும் சொன்னான். தாட்சாயணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வருஷம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் துன்னு தூங்கியிருக்கிறோமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகை ஓயும் நேரத்தில் உள்ளறையில் சலசலவென்று சத்தம் கேட்டது. நாகேந்திரன் எட்டிப் பார்த்தான். யாரோ நிதானமாகச் சொம்பைச் சாய்ப்பதுபோல் தொட்டி மண் கறுத்து நனைந்துகொண்டிருந்தது. அவன் வாசற்படிக்குப் பின்வாங்கினான். தாட்சாயணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், கந்தல் துணியால் தொட்டி விளிம்பில் கசிந்ததை ஒற்றினாள். "பயப்படாதீங்க மாப்ள, அவதான். இனி அடுத்த மாசந்தான் ஊத்துவா" என்றாள். சாவுச் சேதி எத்தனை வருஷம் கழித்துக் காதில் விழுந்தாலும் தலை முழுகுவது அந்தப் பக்கத்து வழக்கம். தாட்சாயணி முழுகவில்லை.